முகச்சவரம் கிடையாது

முடிவெட்டும் கடையில் முகச்சவரம் இல்லை என்றால் தெரு சிரிக்குமா, சிரிக்காதா? சிரித்தது. "கை நடுங்குதுங்க" என்று மாஸ்டர் வாய் கூசாமல் புளுகினார். அதே கையால் காதோரத்தில் இம்மி பிசகாமல் கத்தரி ஓட்டுகிறவருக்கு நடுக்கமாம்! கேட்டவர்களும் நம்பினார்கள், அதுதான் கொடுமை.

விஷயம் வேறு. மாஸ்டருக்கு ரத்தப் புற்றுநோய். ஆமை வேகத்தில் வளரும் வகை, இப்போதைக்கு மருந்துகூட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாகக் குவிந்திருந்தும், கிருமி வந்தால் சண்டைக்கு உதவாதாம். தடுப்பூசி போட்டாலும் பலன் அரைகுறைதான். ஊருக்கெல்லாம் வெறும் சளி, இவருக்கு நிமோனியா. போன குளிர்காலத்தில் ஒரு சாதாரண ஃப்ளூ அவரை ஆக்சிஜன் குழாயோடு படுக்கப் போட்டது. சவரம் என்றால் எதிராளியின் மூக்குக்கு நேரே முகத்தை நீட்டியாக வேண்டும். அதனால்தான் பின்னால் நின்று முடி மட்டும்.

வெளியே சொன்னால் பிழைப்பு போய்விடும் என்பது அவர் கட்சி. சொல்லாவிட்டால் உயிரே போய்விடும் என்பது அவர் மனைவியின் கட்சி. அவள் கடை வாசலருகே உட்கார்ந்து ஜன்னல்களைத் திறந்து வைப்பாள். குளிருது என்று எவனாவது மூடுவான். யாராவது தும்மினால் அவள் எழுந்துபோய் மறுபடி திறப்பாள்.

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூக்கு செக்கச்செவேலென்று இருந்தது, கைக்குட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"மாஸ்டர், நாளைக்குப் பேத்திக்குக் கல்யாணம். எனக்கு மட்டும் ஒரு தடவை ஷேவ் பண்ணி விட்டுடுங்க. எத்தனை வருஷப் பழக்கம் நமக்கு!"

முடியாது என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டாமா? மாஸ்டர் நுரை குழைத்து அவர் கன்னத்தில் தடவிக் கத்தியையும் எடுத்துவிட்டார். மனைவி எழுந்து வந்தாள்.

"கத்திய கீழ வைங்க."

"நீ சும்மா இரு."

"இன்னும் எவ்வளவு நாள் சும்மா இருக்கிறது? சார், இவருக்கு ரத்தத்துல கேன்சர்."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தலைமையாசிரியர் நுரை முகத்தோடு நாற்காலியில் பின்வாங்கினார். "ஐயையோ, ஒட்டிக்குமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படிச்சவரு கேக்குற கேள்வியா சார் இது? அவரோட நோய் யாருக்கும் ஒட்டாது. உங்க சளிதான் அவருக்கு ஒட்டும்! உங்களுக்கு அது கைக்குட்டையோட போயிடும். இவரு ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்பி வருவாரான்னு யாரு சொல்றது?"

யார் காதில் ஏறியது? இத்தனை நாள் அவள் ஜாடைமாடையாக விரட்டியும் அசையாதவர்களுக்கு இப்போது ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்தது. தலைமையாசிரியர் நுரையைத் துண்டில் துடைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் வெளியேறினார்.

மாஸ்டர் கத்தியை மடக்கினார். "இப்ப சந்தோஷமா உனக்கு?"

அவள் காலி பெஞ்சைப் பார்த்தாள். இருமல் இல்லை, தும்மல் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.