ஒத்திகையில் செத்தவளாகக் கிடந்தேன்

என்னைச் செத்தவளாகப் படுக்க வைத்ததில் எனக்கு வருத்தம்தான். மண்ணூரில் சொந்த வீடு. மாடியில் கம்பெனிப் பெண்களுக்கு விட்டிருக்கும் அறைகள். இந்த வயதிலும் தண்ணீர்க் குடத்தை நானேதான் தூக்குகிறேன். அப்படிப்பட்டவளை வெயிலில் ஒரு பாயில் கிடத்திக் கையில் கறுப்புப் பட்டை கட்டினார்கள்.

ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனி மைதானம். விஷவாயு கசிந்தால் டாக்டர்களும் நர்சுகளும் என்ன செய்யவேண்டும் என்று அங்கே ஒத்திகை வைத்திருந்தார்கள். ஒத்திகைக்கு நோயாளிகள் வேண்டுமே. அதற்காகக் கம்பெனி ஆட்களோடு ஊரிலிருந்தும் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள். என் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண்ணும் வந்திருந்தாள். கான்ட்ராக்ட் வேலைதான் அவளுக்கு. இந்த வருஷமாவது நிரந்தரம் ஆக்குவார்கள் என்று காத்திருந்தவள், சூப்பர்வைசர் கூப்பிட்டதும் மறுக்காமல் வந்துவிட்டாள்.

அவள் கையில் பச்சைப் பட்டை. நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"சிவப்புன்னா ஒடனே பாக்கணும், ஆச்சி. மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சைன்னா தானா நடந்து போற ஆளு."

"கறுப்பு?"

சிரித்தாள். "ஒங்களுக்கு ஒரு வேலையும் கெடையாது. படுத்துக் கெடந்தா போதும்."

"நான் இன்னாத்துக்குடி சாவணும்? அந்தப் பச்சைய எனக்குக் கட்டச் சொல்லு."

எனக்குப் பட்டை கட்டிவிட்ட நர்ஸ் திரும்பினாள். "கோச்சிக்காத ஆயா. போனவங்கள விட்டுட்டு, உசுரோட கீறவங்ககிட்ட போறோமான்னு பாக்கத்தான் இதெல்லாம்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. படுத்துக்கொண்டேன்.

நிஜம்போல இருக்கட்டும் என்று ஒரு மூலையில் புகைக் குப்பியைக் கொளுத்தினார்கள். மஞ்சளாகக் கிளம்பிய புகை, காற்று திரும்பியதும் எங்கள் பக்கமே வந்தது. சொல்லி வைத்தபடி எல்லாரும் இருமினார்கள். அந்தப் பெண்ணும் என் பாய்க்குப் பக்கத்தில் குந்தி இருமினாள். பிறகு மற்றவர்கள் இருமிக்கொண்டிருக்க, இவள் இருமல் மட்டும் நின்றுவிட்டது. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றியிருந்தாள். தொண்டைக்குழி உள்ளே உள்ளே இழுத்தது. வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

வேலி ஓரத்தில் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த பையன்கள், "செமையா நடிக்குதுடா, அவார்டு குடுக்கலாம்" என்று கைதட்டினார்கள். ஓடி வந்த நர்ஸ் பச்சைப் பட்டையைப் பார்த்தாள். "நீ நடந்து டென்ட்டுக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பட்டைக்காரர்களிடம் போய்விட்டாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"ஆயா, படு படு. நீ டெட் பாடி" என்றார் சூப்பர்வைசர்.

"இவளுக்கு மூச்சு வரலைய்யா."

"அது அவங்க ரோல்."

"இன்னா ரோலு? உதட்டப் பாரு நீ."

"செத்தவங்க பேசக்கூடாது, ஆயா" என்று சிரித்தபடி அவர் நகர்ந்தார்.

அவரிடம் பேசிப் பயனில்லை என்று டென்ட்டுக்கு நடந்தேன். டாக்டர் முதலில் என் கையைத்தான் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. நான் கைகாட்டிய பக்கம் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. குறை சொல்லக்கூடாது, மனுஷன் ஓடினார். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மருந்து கேட்டார். மேசையில் அழகாக அடுக்கியிருந்தவை எல்லாம் காட்சிக்கு வைத்த வெறும் அட்டைப்பெட்டிகள். ஆம்புலன்ஸ் கேட்டார். அது சற்றுமுன்தான், சிவப்புப் பட்டை கட்டிய ஒரு வாட்டசாட்டமான ஆளை ஏற்றிக்கொண்டு சைரன் போட்டுப் போயிருந்தது. ஆக்சிஜனும் அதோடு போய்விட்டது.

பிரியாணி கொண்டுவந்த கேன்டீன் வேனில் அவளை ஏற்றினோம். அவள் நிமிர்ந்து உட்கார, டாக்டர் முதுகைத் தாங்கிக்கொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஜில்லென்று இருந்தது. பெரும்புதூர் வரைக்கும் வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொரு லாரிக்குப் பின்னால் நிற்கும்போதும் அந்த விசில் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அது நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது.

"வீசிங் இருக்குன்னு ஏம்மா சொல்லல?" என்றார் டாக்டர்.

அவள் மாஸ்க்கை விலக்கினாள். "சொன்னா கம்பெனி லைன்ல வேலைக்கு வைக்க மாட்டாவ சார்."

மூச்சுக்கு இழுக்கிற மருந்து வைத்திருக்கிறாளாம். கூட இருக்கும் பெண்களுக்குத் தெரியக்கூடாது என்று அதைப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். என் வீட்டு மாடியில்தான். எனக்கே தெரியாது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் நடிப்புன்னுதான ஆச்சி நெனச்சாவ?"

"ஆமாண்டி. கைகூட தட்னாங்க."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "வேன்ல ஏத்துனதையும் ஒத்திகைன்னே சொல்லிருங்க ஆச்சி. சார், நீங்களும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவள் மாஸ்க்கைத் தானே எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.