படகில் போன காய்ச்சல்காரர்

இன்று கொடைக்கானல் கோர்ட்டுக்குப் பள்ளங்கி கிராமத்து முத்தம்மாளுக்குத் துணையாகப் போயிருந்தேன். ஸ்டேஷனில் வைத்து அவள் கணவனின் கையை முறித்த இன்ஸ்பெக்டர் மீது வழக்கு.

"இன்ஸ்பெக்டருக்குக் கடும் காய்ச்சல்" என்றார் சர்க்கார் வக்கீல். மாஜிஸ்திரேட் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஐந்தாவது முறையாக வாய்தா போட்டார். முத்தம்மாள் வாயைத் திறந்ததும், "வெளியே போய்ப் பேசு" என்று சேவகன் விரட்டினான்.

திரும்பும் வழியில் ஏரியைப் பார்த்தோம். அதே சர்க்கார் வக்கீல் துடுப்புப் போட, இன்ஸ்பெக்டர் சிரித்தபடி படகில் உட்கார்ந்திருந்தார்.

கரையேறியவர்கள் முன்னால் முத்தம்மாள் போய் நின்றாள்.

"காய்ச்சல்னு சொன்னீங்களேய்யா? வெள்ளனே காட்டுச் சோலியப் போட்டுட்டு நடந்து வந்தேங்க!"

"இதெல்லாம் கோர்ட்டுல கேளு" என்றார் வக்கீல்.



இவர்களை எங்கே வைத்துத்தான் கேட்பது? இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவளைக் கூட்டிப் போகிறேன்.