வெளிச்சம் ஒழுகிய டப்பா

நேற்று சாயங்காலம் பெங்களூரில் ஒரு ஷூ கடையில் நின்றிருந்தேன். ஆபீசுக்குப் போட்டுப் போக ஒரு கறுப்பு ஜோடி. டப்பாவைத் திறந்ததும் டிஷ்யூ பேப்பருக்கு நடுவிலிருந்து அந்த வாசனை வந்தது. பாலிஷ், பசை, புதுத் தோல் மூன்றும் கலந்த வாசனை. அடுத்து செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, கடை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கடைக்காரர் பதறிவிட்டார். "மேடம், புது பீஸ் மேடம். டேமேஜ் எல்லாம் கிடையாது."

நான் தேடியது பின்ஹோல். தோலில் ஊசி முனை அளவுக்கு இருக்கும் ஓட்டை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். இந்தப் பழக்கம் என்னுடையது இல்லை, எஸ்தருடையது. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஜாஸ்தி, கேட்டு எடுத்துக்கொண்டது கம்மி. ஒற்றை ஷூவைத் தூக்கிப் பிடித்தபடி அந்தக் கடையில் நின்றபோதுதான் தோன்றியது: அவளிடம் சொல்லிவிட வேண்டும். நாலு வருஷமாகத் தோன்றாத யோசனை, கடைக்காரர் முறைத்துக்கொண்டிருக்கும்போதா வர வேண்டும்? ஷூவை வாங்காமலே வந்துவிட்டேன்.

நான் ஆம்பூர்க்காரி. ஊரைச் சொன்னதும் எல்லாரும் "ஆ, பிரியாணி!" என்பார்கள். தோல் என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரிங் முடித்ததும் ஊரிலேயே ஒரு ஷூ ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. எலக்ட்ரானிக்ஸ் என்றால் என்ன வேலை தெரியுமா? பிளானிங் டிபார்ட்மெண்டில் உட்கார்ந்து, எந்த ஆர்டருக்கு எத்தனை ஜோடி, எப்போது லோடு என்று எக்செல்லில் தட்டுவது. நாலு வருஷம் படித்த படிப்பு கீபோர்டின் நம்பர் பக்கத்தில் மட்டும் இருந்தது.

எஸ்தர் லெதர் செலக்‌ஷனில் இருந்தாள். டேனரியிலிருந்து வரும் தோல்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. ஒடுகத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். என் வயசுதான். மத்தியானச் சாப்பாடு எங்கள் இரண்டு பேருக்கும் என் டேபிளில். அவள் டிபனில் முட்டை இருந்தால் பாதி எனக்கு.

அந்த நாளில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. மாடுலர் சிந்தசைசர், மின்சாரத்தில் வாசிக்கிற ஒரு வாத்தியம். கீபோர்டு மாதிரி ரெடியாக வாசிக்கிற சாமான் இல்லை. ஒரு துண்டு சத்தத்தை உண்டாக்கும், ஒரு துண்டு அதை வெட்டும், ஒரு துண்டு வளைக்கும். இவற்றை ஒயர் போட்டு நாம்தான் சேர்க்க வேண்டும். கடையில் வாங்க வேண்டுமென்றால் என் சம்பளம் காணாது. அதனால் சென்னையிலிருந்து உதிரிச் சாமான் வரவழைத்து நானே பற்றவைத்து, எங்கள் கம்பெனியின் ஷூ டப்பா ஒன்றிலேயே பொருத்திவைத்தேன். முதல் நாள் வீட்டில் ஆன் செய்ததும் அம்மா சமையல்கட்டிலிருந்து, "இன்னாடி அது, கிரைண்டர் கெட்டுப்போன மாதிரி கத்துது?" என்றாள். தப்பில்லை. அப்படித்தான் கத்தியது.

எனக்கு வேண்டியது கத்தல் இல்லை, தட்டல். மரத்தைத் தட்டினால் வருமே, 'டொம்' என்று எழுந்து தானாக அடங்குகிற சத்தம், அது. அதற்கு லோ பாஸ் கேட் என்று ஒரு துண்டு வேண்டும். சமாச்சாரம் ரொம்பச் சின்னது. ஒரு குட்டி எல்இடி, அதற்கு எதிரே வெளிச்சத்தை உணர்கிற ஒரு செல். இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து, வெளி வெளிச்சம் படாமல் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். மின்சாரத்தால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே எல்இடி மின்னும், செல் வாசலைத் திறக்கும், சத்தம் வெளியே வரும். எல்இடி உடனே அணைந்துவிடும். ஆனால் செல் ஒரு சோம்பேறி. மெதுவாகத்தான் மூடும். மூடும்போது கூர்மையான சத்தம் முதலில் போகும், கனத்த சத்தம் அப்புறம் போகும். உலகத்தில் தட்டப்படுகிற எல்லாப் பொருளும் அப்படித்தான் அடங்குகிறது. அதனால் நம் காது ஏமாந்து, ஏதோ மரத்தையோ தோலையோ தட்டுகிறார்கள் என்று நம்பிவிடும்.

இணையத்தில் எல்லாரும் கறுப்பு டேப் சுற்றச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்பேனா? ஆம்பூர்க்காரி செய்கிற சாமானில் ஆம்பூர் தெரிய வேண்டாமா! ஷூவுக்கு உள்பக்கம் ஒட்டுகிற, கறுப்புச் சாயம் போட்ட ஆட்டுத்தோல் லைனிங்கில் ஒரு துண்டு எடுத்து, அழகாகச் சுருட்டித் தைத்தேன். வீட்டில் ராத்திரி பல்பு வெளிச்சத்தில் ஓரளவு தட்டியது. ஆபீசில் மத்தியானம் வைத்தால் அடங்கவே மாட்டேன் என்றது. தட்டினாலும் தட்டாவிட்டாலும் பின்னால் 'ஊ' என்று ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கம்பெனி கரண்ட் சரியில்லை என்று திட்டினேன். டப்பா ஓடியதோ பேட்டரியில்.

எஸ்தர் ஒரு நாள் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, அந்தச் சுருளை நிமிண்டி எடுத்து, பிரித்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடி. இரண்டு விநாடி இருக்கும்.

"லைனிங்கா இது? பின்ஹோல் பாருடி, சல்லடை மாதிரி கீது. வெளிச்சம் ஒழுவுது. உன் டப்பா எப்படித் தூங்கும்?"

நான் சிரித்தேன். நான் படித்தவள். மூன்று வாரம் தேடியவள். இவள் ஈரக் கையோடு வந்து இரண்டு விநாடியில் சொல்கிறாள். நன்றி சொல்ல வேண்டிய வாயால், "எனக்கும் அந்த டவுட் இருந்துச்சி" என்றேன். பச்சைப் பொய்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவளுக்கும் கிறுக்குத் தொற்றிக்கொண்டது. தனக்கும் ஒரு டப்பா வேண்டுமென்றாள். சர்க்யூட்டை நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன். செல்லை மட்டும் அவளே கொண்டுவந்தாள். காம்பவுண்டு லைட் சாயங்காலம் தானாக எரிவதற்கு ஒரு சென்சார் இருக்குமே, அதில் பழசு ஒன்றை ஸ்கிராப்பில் போட்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியனிடம் கேட்டு அதைப் பிரித்து எடுத்துவந்தாள். பழைய செல், பெரிய செல், என் புதுச் செல்லைவிடப் பத்து மடங்கு சோம்பேறி. தடித்த மாட்டுத்தோலில் ஓட்டையே இல்லாத துண்டாகப் பொறுக்கிச் சுற்றினாள். பொறுக்குவதுதானே அவள் வேலை.

தட்டினாள். டொம்ம்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஈரத் தோலை நாலாக மடித்து மரப்பலகையில் போட்டால் வருகிற சத்தத்துக்கு ஒரு சுருதியும் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி. பக்கத்து டேபிள் அக்கா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எஸ்தர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏய், இத கேளேன், இத கேளேன்" என்றாள். அதிலிருந்து தினமும் புதுசாக ஒரு தட்டல். யாரிடமும் காட்டுவதற்கு முன்னால் என்னிடம் ஓடிவருவாள். "இத கேளேன்." ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் எரிந்தது. லைனில் இருந்தவர்கள் "எஸ்தர் டப்பா எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பற்றவைத்த நான் பக்கத்திலேயேதான் இருந்தேன், பெருமாள் கோயில் துவாரபாலகர் மாதிரி.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஃபேக்டரியில் அதுதான் பெரிய விழா. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, லோடிங் யார்டில் ஷாமியானா போட்டு, ஆட்டம் பாட்டம் நடக்கும். எச்ஆர் சார் எங்கள் டேபிளுக்கே வந்து, "எஸ்தர், உன் டப்பாவ ஸ்டேஜ்ல வாசிம்மா, மூணு நிமிஷம்" என்றார்.

"இவளும் வரணும் சார். இவதான் செஞ்சது."

"வேணாம் சார், அவளே பண்ணட்டும்" என்றேன். பெருந்தன்மை மாதிரி கேட்டிருக்கும். எனக்கு வேறு கணக்கு ஓடியது.

கணக்கு இதுதான். மேடையில் டப்பா மக்கர் பண்ண வேண்டும். எல்லார் முன்னாலும் அவள் என்னைத் தேட வேண்டும். நான் ஏறிப்போய்ச் சரிசெய்ய வேண்டும். யார் எஞ்சினியர் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். பெரிய வில்லத்தனம் ஒன்றுமில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பூஜை அன்று காலையில் அவள் பொட்டு வைக்கப் போயிருந்தபோது டப்பாவைத் திறந்தேன். ஷூ ஃபேக்டரியில் ஊசிக்குப் பஞ்சமில்லை, ஆனால் கெடுபிடி ஜாஸ்தி. மெஷின் ஊசி ஒன்று உடைந்தால்கூடத் துண்டு துண்டாகப் பொறுக்கிக் காட்ட வேண்டும். அதனால் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்த மாட்டுத்தோல் சுருளில் ஒரே ஒரு குத்து. தோல் தடி. ஊக்கு வளைந்துவிட்டது. தூர எறிந்தேன்.

மேடையில் வீடியோக்காரர் இரண்டு ஃபோகஸ் லைட் போட்டிருந்தார். எஸ்தர் டப்பாவின் மூடியை எடுத்துவிட்டு முதல் தட்டு தட்டினாள். டொம்ம்ம்ம் என்று எழுந்தது அடங்கவே இல்லை. மூலையில் மாட்டிய மாடு மாதிரி கத்திக்கொண்டே இருந்தது. கூட்டம் சிரித்தது. நான் முன்வரிசையில் பாதி எழுந்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. டப்பாவைக் குனிந்து பார்த்தாள். உள்ளங்கையை அதன்மேல் குடை மாதிரி பிடித்தாள். சத்தம் அடங்கியது. கையைக் கொஞ்சம் எடுத்தாள். எழுந்தது. தன் கையையே ஒரு நிமிஷம் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் தட்டி, மறு கையால் ஃபோகஸ் லைட்டை மறைத்து விட்டு, மறைத்து விட்டு வாசித்தாள். டொம் என்று விழுந்த சத்தம் விரலிடுக்கில் வெளிச்சம் பட்டதும் முனகிக்கொண்டு எழுந்தது, விரலை மூடியதும் படுத்தது. லோ பாஸ் கேட்டை வெளிச்சத்தாலேயே வாசிப்பதை நான் எங்கேயும் படித்ததில்லை. தையல் செக்‌ஷன் பெண்கள் விசிலடித்தார்கள். மூன்று நிமிஷம் பத்து நிமிஷமானது. பாதி எழுந்தவள் பாதியிலேயே உட்கார்ந்தேன். ஓட்டை போட்டவள் நான், கைதட்டல் அவளுக்கு! வெட்கம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவோடு வந்தாள். சுருளைப் பிரித்து ஜன்னலுக்குத் தூக்கினாள். ஒரு கண்ணை மூடினாள்.

"இது தோல்ல இருந்த பின்ஹோல் இல்லடி. வெளிய இருந்து குத்துனது. சுத்தி அமுங்கிக் கீது பாரு."

"அப்படியா?" என்றேன்.

"குத்துனவங்க இன்னும் ரெண்டு குத்தி இருக்கலாம். விரலுக்கு ஒண்ணுன்னு மூணு ஆயிருக்கும்."

காலையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்த என் துப்பட்டா அந்த நேரம் பார்த்து மறுபடி நழுவியது. எஸ்தர் தன் ஐடி கார்டு டேக்கில் குத்திவைத்திருந்த ஊக்கைக் கழற்றி என் டிபனுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தா, போட்டுக்கோ." பிறகு முட்டையைப் பாதியாகப் பிய்த்து எனக்கு வைத்தாள்.

அதற்கப்புறம் எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. பேசினோம், சாப்பிட்டோம், பஸ் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அந்தச் சுருளில் அவளே இன்னும் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டாள் என்று பக்கத்து டேபிள் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இத கேளேன்" என்று என்னிடம் மட்டும் வரவில்லை. ஒரு தடவைகூட.

நான் பெங்களூருக்கு வந்தேன். அவள் எத்தியோப்பியாவில் ஒரு ஷூ கம்பெனிக்கு லெதர் குவாலிட்டி பார்க்கப் போனாள். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து அங்கே போனவர்கள் நிறைய, ஆனாலும் அந்த விமானத்தின்மேலும் எனக்குப் பொறாமை. இப்போது என்னிடம் வெளிநாட்டு லோ பாஸ் கேட் ஒன்று இருக்கிறது, கடையில் வாங்கியது. சுத்தமாகத் தட்டுகிறது, சுத்தமாக அடங்குகிறது. நல்லதாக ஒரு தட்டல் கிடைத்தால் தலை தானாகத் திரும்புகிறது, யாரிடமாவது சொல்ல. சுவர்தான் இருக்கிறது. எஸ்தர் அங்கேயும் டப்பா செய்கிறாளா தெரியாது. செய்தால் யாரையாவது தோளைப் பிடித்து உலுக்குவாள். எந்தப் பாஷையில் உலுக்குவாளோ. முகம் தெரியாத அந்த ஆள்மேல்தான் இப்போது என் பொறாமை மொத்தமும்.

கடையிலிருந்து வந்ததும் வாட்ஸப்பில் எழுதிப் பார்த்தேன். எழுதினால் நான் நல்லவளாகிவிடுகிறேன், அவ்வளவு அழகாக வருகிறது. அழித்துவிட்டேன். வாய்ஸ் நோட்டும் வேண்டாம், அதையும் திரும்பத் திரும்பத் திருத்துவேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். மத்தியானம் கூப்பிட்டால் காலை டீ குடித்திருப்பாள். எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்று ஆரம்பிக்காமல், "குத்தினது நான்தான்டி" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு, அவள் வாய் திறக்கிற வரைக்கும் போனை வைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.