மச்சான் இன்னும் லாக் அவுட் ஆகவில்லை

எங்கள் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர் மௌத்தாகி, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதியாயிற்று. தண்ணீர் இணைப்பை லாத்தா பெயருக்கு மாற்ற, இன்று மட்டாஞ்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அவளோடு போனேன்.

மச்சானின் பாஸ்வேர்டை லாத்தாவே சொன்னாள். ஆனால் குடிநீர் வாரியத்தின் தளம் உள்ளே விடவில்லை. "இந்தப் பயனர் ஏற்கெனவே வேறொரு கணினியில் இருக்கிறார்" என்றது.

"பள்ளுருத்திக் கடையில திறந்திருப்பாரு இத்தா. அங்க ஆரும் லாக் அவுட் பண்ணமாட்டாங்க" என்றாள் கடையை நடத்தும் பெண். "எல்லா எடத்துலேருந்தும் அவர வெளியேத்த ஒரு பட்டன் உண்டு. அமுக்கட்டா?"

லாத்தா திரையையே பார்த்தாள்.

"வெளியேத்தாம வேற வழியில்லையா மோளே?"

"வேற பிரவுசர்ல வேணா பாக்கலாம். அதுவும் இதேதான் சொல்லும்."

"பாரு."

நேற்றுவரை பிரவுசர் என்ற சொல்லையே கேட்டிராத லாத்தா, அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த நான்கு பிரவுசரையும் திறக்க வைத்தாள். நான்கிலும் மச்சான் உள்ளேதான் இருந்தார். ஒவ்வொரு முறையும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பட்டனை அமுக்காமலே வீடு திரும்பிவிட்டோம்.

ஐந்தாவதாக நல்ல பிரவுசர் எது என்று லாத்தா கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சரியாக வேலை செய்வது வேண்டாம்.