ஞானம் டீச்சரின் அளவு ஜாக்கெட்

திருக்காட்டுப்பள்ளியில் பர்வினிடம் தைக்கக் கொடுக்கும் பெண்கள் யாரும் டேப் வைத்து அளவெடுக்க நிற்பதில்லை. நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அளவு ஜாக்கெட் என்று அதற்குப் பெயர். அதை விரித்து, இருக்கிறபடியே வெட்டித் தைத்துத் தருவார் பர்வின். ஞானம் டீச்சருக்குப் பத்து வருடமாக அப்படித்தான்.

இந்த மே மாதம் தைத்து வந்தது மட்டும் பொருந்தவில்லை. வலது பக்கம் தொளதொளவென்று தொங்கியது.

பர்வின் பழையதையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். "நூல் பிசகலையே டீச்சர். அளவு ஜாக்கெட்டுல இருக்கறபடிதான் நான் தைப்பேன். நீங்க இளைச்சுப் போனதுக்கு நான் என்ன பண்றது?"

"ஆமாம்மா, இளைச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வாங்கிக்கொண்டு வந்தார்.

பர்வின் மேல் தப்பில்லை. பொங்கல் முடிந்த வாரம், தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்காக டீச்சரின் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அளவு ஜாக்கெட் அதற்கு முந்தைய உடம்பினுடையது. வெளியில் எல்லோரிடமும் 'ஒரு ஆபரேஷன்' என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். பர்வினிடம் சொல்லிவிடலாம் என்று டீச்சர் இரண்டு முறை நினைத்தார். இரண்டு முறையும் கடையில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள்.

பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. தலைமையாசிரியை அன்போடுதான் போன் செய்தார். "இந்த வருஷம் வகுப்பு வேணாம் டீச்சர். ஆபீஸ்ல உக்காந்து அட்மிஷன் பாத்துக்குங்க."

"முதல் நாள் வந்து சொல்றேங்க."

இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுப்பவருக்கு வேண்டியது பத்தாம் வகுப்பின் கரும்பலகை. ஆபரேஷனுக்குப் பிறகு மேலே தூக்க முடியாமலிருந்த வலது கை ஏறக்குறையத் தயாராகியிருந்தது. தினமும் சுவரில் விரல்களை மேலே மேலே நகர்த்தி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். கோடுகள் ஏறிக்கொண்டுதான் போயின. ஆனால் கையைத் தூக்கியதும் ஜாக்கெட் ஒரு பக்கமாக இழுக்க, இடது கை தானாக வந்து முந்தானையைப் பிடித்தது. அப்படிப் பிடித்துக்கொண்டு நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்க அவரால் முடியாது. ஜாக்கெட் சரியாக வந்தால் வகுப்பு, வராவிட்டால் ஆபீஸ்.

மார்பு எடுத்தவர்களுக்கென்றே விற்கும் உள்ளாடை ஒன்றைப் பெங்களூரிலிருந்து மகள் மாளவிகா அனுப்பியிருந்தாள். வெயிலில் அரை மணி போட்டாலே தழும்பில் அரித்தது. கடைசியில் டீச்சர் ஊசியை எடுத்தார். வீட்டில் மெஷின் கிடையாது. சிறு வயதில் பள்ளித் தையல் வகுப்பில் கற்ற ஓட்டுத் தையல், பின் தையல், ஓரம் மடித்துத் தைக்கும் எம்மிங், இவ்வளவுதான் கைவசம்.

"ஏங்க, அந்தக் கிழிஞ்ச வேட்டி எங்க?"

"கிழியலையே. நல்ல வேட்டி" என்றார் கணவர் சிவசங்கரன்.

"இனிமே கிழிஞ்சது."

புது ஜாக்கெட்டைப் பிரித்து, வேட்டியின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டினார். தைத்துப் போட்டுப் பார்த்தால் மறுபடி அதே தொளதொளப்பு. துணியை இரண்டாக மடித்து வெட்டியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் வெட்டுவார்கள், ஒரே வெட்டில் இரண்டு பக்கமும் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்ததுதான் தப்பு என்று விளங்க அவருக்கு ஒரு நாள் பிடித்தது.

மறுநாள் துணியை மடிக்கவில்லை. இடது பக்கம் தனியாக, வலது பக்கம் தனியாக. வலதில் அக்குளோரம் ஒரு விரற்கடை குறைத்தார். உள்ளே ஒரு பை வைத்தார். பைக்குள் பஞ்சை அடைத்தபோது, கை மேலே போகப் பஞ்சும் கூடவே கழுத்துக்கு ஏறியது. கனம் வேண்டும். சமையலறையில், வயலிலிருந்து வந்த கறுப்பு உளுந்து இருந்தது. மெல்லிய துணியில் சின்னதாக ஒரு உறை தைத்து, அதில் உளுந்தை நிரப்பிப் பைக்குள் வைத்தார். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"வேர்வையில முளைச்சிடப் போவுது" என்றார் சிவசங்கரன்.

"முளைச்சா அறுக்க ஆள் கூப்பிடுங்க."

சிரித்துக்கொண்டே சுவரோரம் போய் நின்று விரல்களை ஏற்றினார். பாதிக் கோடுகளைத் தாண்டும்போது அக்குளில் டப்பென்று சத்தம். ஓட்டுத் தையல் அறுந்துவிட்டது. பிரித்துவிட்டுப் பின் தையல் போட்டார். ஊசி ஒரு எட்டு முன்னால் போய், அரை எட்டுத் திரும்பி வந்து, மறுபடி போக வேண்டும். மெதுவான வேலை. ஆனால் உச்சிக் கோடு வரைக்கும் தாங்கியது. அதன் பிறகுதான் நல்ல துணியை வெட்டினார், நீலப் புடவைக்குப் பொருத்தமான நீலம். அது முடிய ஒன்பது நாள் ஆனது.

பள்ளி திறந்த அன்று அந்த நீலத்தில் போனார். பத்தாம் வகுப்புப் பலகையின் மேல் விளிம்பில் தேதி எழுதி, அதன் கீழே முதல் கணக்கைத் தொடங்கினார். நான்கு வரி எழுதிய பிறகுதான், இடது கை புத்தகத்தைப் பிடித்தபடி தன் பாட்டுக்கு இருந்தது கண்ணில் பட்டது. மணி அடித்ததும் ஆபீஸ் வாசலில் நின்று, "அட்மிஷனுக்கு வேற ஆள் பாருங்க மேடம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நான்கு ஜாக்கெட் துணியோடு பர்வினிடம் போனார். அளவுக்கு அந்த நீலம். கடையில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். பர்வின் அதை நடுவில் மடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை. உள்ளே விரல் விட்டார். பை தட்டுப்பட்டது. ஜாக்கெட்டை அப்படியே சுருட்டித் துணிகளுக்கு அடியில் வைத்தார்.

"நாலுக்கும் உள்பை உண்டுதானே டீச்சர்?" குரல் மேசையைத் தாண்டவில்லை.

"உண்டும்மா."

பிறகு கடைக்கே கேட்கிற மாதிரி பர்வின் சொன்னார்: "எம்மிங்தான் கோணல்மாணலா போயிருக்கு. அளவு ஜாக்கெட்டுல இருக்கறபடிதான் நான் தைப்பேன், தெரியும்ல? அதையும் அப்படியே தைச்சுடவா?"

"அதை மட்டும் உன் இஷ்டத்துக்குத் தைச்சுக்க" என்றார் டீச்சர்.