தறிக்கு லீவு

ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு ஐப்பசி மழையில் நடந்தது இது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற தெரு எங்களுடையது. என் வீடும் தம்பி வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரே சுவர்.

அதற்கு முந்தின வருஷம் தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் என்னுடையதில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பொருந்தியது, கொடுத்தேன்.

மாத்திரை ஆயுசுக்கும் போட வேண்டும், வேளை தவறினால் உடம்பு அந்தக் கிட்னியை அந்நியம் என்று தள்ளிவிடும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். தம்பி மாத்திரை டப்பாவை, காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிற தறிக்குழி ஓரம், ஊடை நூல் சுற்றின தார் வைக்கிற மாடத்தில் வைத்துக்கொண்டான். விடிந்து குழியில் இறங்கும்போது ஒரு வேளை. சாயந்திரம் ஏறும்போது ஒரு வேளை. கடிகாரமே பார்க்க மாட்டான். அதில் ஒரு மாத்திரை, உறையைப் பிரித்தாலே நாறும்.

"உன் கிட்னிக்கு சாம்பிராணி போடறேன்க்கா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவான்.

"போடு, போடு. கொசுவாவது போவட்டும்" என்பேன்.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. எல்லார் வீட்டுக் குழியிலும் தண்ணி ஊறிவிட்டது. தெருவே தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது. நனையக் கூடாதென்று தார்க்கூடை பரணுக்குப் போனது. கூடவே மாத்திரை டப்பாவும். தம்பி கேரம் ஆடினான், தூங்கினான். அவன் பெண்டாட்டியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேளை தவறாதவன் என்று பேர் வாங்கினவன்.

தண்ணி வடிந்து தறி ஓடத் தொடங்கியபோது அவன் முகம் உப்பியிருந்தது. கால் வீங்கியது, மூத்திரம் குறைந்தது. பஸ் பிடித்து மெட்ராஸ் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, உடம்பு கிட்னியைத் தள்ள ஆரம்பித்துவிட்டது என்றார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடாம ஒரு நாளும் தறியில குந்தினது இல்லம்மா."

பொய் இல்லை. எப்போது கேட்டாலும் இதையேதான் சொல்லுவான். அவரும் தலையாட்டிவிடுவார். அன்றைக்கு, "அப்படின்னா இந்த மருந்து உங்களுக்குக் கேக்கலை. வேற மாத்தணும்" என்று எழுதப் போனார்.

எனக்கு என்னமோ உறுத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தமே இல்லாமல் கிடந்த நாட்கள் ஞாபகம் வந்தது.

"ஏண்டா, குழியில தண்ணி நின்னுக்கினு இருந்துதே, அப்போ?"

"அப்போ தறியே ஓடலியேக்கா."

"மாத்திரை?"

"வேலை செஞ்சாத்தான மாத்திரை? சும்மா குந்திக்கினு இருக்கறவனுக்கு எதுக்கு?"

எங்கள் பக்கம் அமாவாசையன்று யாரும் தறியைத் தொட மாட்டார்கள். அதையும் கேட்டேன்.

"அன்னிக்கு தறிக்கும் லீவு, எனக்கும் லீவு" என்று சிரித்தான். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். உழைக்கிற உடம்புக்குத் தெம்பு மாத்திரை என்று நினைத்திருக்கிறான்.

"தறிக்கு லீவு உண்டுடா. கிட்னிக்கு ஏது லீவு? நீ தூங்கறப்பவும் அது ஓடிக்கினுதான் இருக்குது" என்றேன்.

படுக்கையில் போட்டு ஊசி ஏற்றினார்கள். கிட்னி தங்குமா தங்காதா என்று சொல்ல முடியாது என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று கொடுக்க என்னிடம் இல்லை.

ஊசி கேட்டது. பழைய அளவுக்கு இல்லை, ஆனாலும் தங்கிவிட்டது.

ஊருக்கு வந்ததும் டப்பாவை நான் எடுத்துக்கொண்டேன். என் அடுப்பங்கரையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையும் சாயந்திரமும் வந்து என் எதிரில் போட வேண்டும்.

"போலீஸ்காரி மாதிரி நிக்கிறியே" என்பான்.

"என் பொருளு, நான் நிப்பேன்."

இன்றைக்கும் அமாவாசையன்று தெருவில் தறிச் சத்தம் இருக்காது. அவன் வந்து உறையைப் பிரிப்பான். நாற்றம் அடுப்பங்கரை முழுக்கப் பரவும். கொடுத்தது ஆஸ்பத்திரியில் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடவில்லை, இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அப்போதெல்லாம் தோன்றும்.