பதினைந்து குறைந்த கம்பி

அணைக்கட்டு என்னும் ஊரில் ஏர் பிடித்த குடும்பத்தின் முதல் பி.ஏ. சாமுவேல். 1936-இல் ஆம்பூரில் இஷ்தியாக் அகமதுவின் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தான். ஆங்கிலக் கடிதங்கள் எழுத வேண்டும். தொட்டிகளில் ஆவாரம்பட்டைச் சாற்றின் அடர்த்தியை அளந்து குறிக்க வேண்டும். சாற்றை அளக்க இரண்டு அளவுகள் உண்டு. ஒன்றை ஐந்தால் வகுத்தால் மற்றது வந்துவிடும். எஃகின் கெட்டித்தன்மைக்கும் அப்படித்தான் என்று அவன் நம்பியதில் வந்தது வினை.

பட்டைச் சாற்றில் சாதாரண இரும்பு பட்டால் தோல் கறுத்துவிடும். அதனால் முதலாளி சாயபு மதராஸ் வியாபாரி ஒருவர் மூலம் சீமையிலிருந்து துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வரவழைத்து, போல்ட் கடையச் சொல்லி லேத்துக்காரர் பஞ்சாட்சரத்திடம் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அதில் ஒரு துண்டு சோதனைக்கு மதராஸ் போனது.

கம்பியோடு வந்த சீட்டில் கெட்டித்தன்மை பிரினெல் அளவில் இருநூறு என்றிருந்தது. மதராஸில் சோதித்ததோ ராக்வெல் அளவில், தொண்ணூறு. கல்லூரியில் படித்தபோது நோட்டில் எடுத்து வைத்த அட்டவணையைப் பார்த்து சாமுவேல் மாற்றினான். நூற்று எண்பத்தைந்து வந்தது. பதினைந்து குறைவு. பஞ்சாட்சரத்தின் பட்டறையில் கம்பி மாறியிருக்க வேண்டும் என்று அந்த மதராஸ் வியாபாரிக்குக் கடிதமே எழுதி அனுப்பிவிட்டான்.

மறுநாள் சாயபுவின் ஆட்கள் பஞ்சாட்சரத்தின் கருவிப்பெட்டியைத் தூக்கிவந்து ஆபீசில் வைத்துவிட்டார்கள். பின்னாலேயே அவரும் வந்தார், கையில் பட்டைச் சாறு நிரம்பிய கிண்ணத்தோடு.

"பதினேழு வருசம், சாயபு. ஒரு ஆணி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கேனா?"

"நான் சொல்லலய்யா. கணக்கு சொல்லுது."

"கணக்கா! லேத்து எந்தப் பக்கம் சுத்தும்னு கேளுங்க, இந்த பி.ஏ. சார் முழிப்பாரு."

அரத்தால் தேய்த்த ஓர் இரும்பாணியையும் கம்பித்துண்டையும் கிண்ணத்தில் போட்டார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஆணியைச் சுற்றிச் சாறு மை போலக் கறுத்தது. கம்பித்துண்டு அப்படியே பளபளத்தது.

"துருப்பிடிக்காததுதான்," என்றார் சாயபு. "ஆனா நம்பர் இன்னாத்துக்குக் கம்மியாச்சு? நல்ல சரக்கை வித்துட்டு மட்டமானதை வெச்சிருக்கலாமே. பெட்டியை வெச்சிட்டுப் போய்டு."

பஞ்சாட்சரம் கம்பித்துண்டைக் கிண்ணத்திலிருந்து எடுத்துத் துடைத்தார்.

சாமுவேல் நோட்டைப் பிரித்தான். அட்டவணைக்கு அடியில் அவனுடைய கையெழுத்திலேயே ஆங்கிலத்தில் பொடியாக ஒரு வரி இருந்தது: சாதாரண எஃகுக்கு மட்டும். நேற்று அவன் எண்களை மட்டுமே பார்த்திருந்தான். அந்த அறையில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நோட்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தச் சம்பளத்தில்தான் அணைக்கட்டில் அடுப்பு எரிகிறது. படித்து நான் கற்றது இதுதானா என்று நெஞ்சு கேட்டது.

"சாயபு, தப்பு என்னுது." நோட்டை அவர் பக்கம் திருப்பினான். "எஃகுல குண்டை வெச்சு அழுத்தினா குழி விழும். ஒரு அளவு அந்தக் குழியோட அகலத்தைப் பாக்குது, இன்னொண்ணு ஆழத்தை. இந்த எஃகு அழுத்த அழுத்த இறுகும். சாதாரண எஃகோட கணக்கு இதுக்குச் சேராது. நான் அதைப் போட்டு மாத்திட்டேன். கம்பி மாறல."

சாயபு நோட்டை மூடி அவனிடமே தள்ளினார். "உன் விஷயத்தை அப்புறம் பேசறேன். பஞ்சாட்சரம், பெட்டியை எடுத்துட்டுப் போய் வேலையைப் பாருய்யா."

பஞ்சாட்சரம் நகரவில்லை.

"நேத்து என் பேரை இங்கிலீஷ்ல எழுதி மதராஸுக்கு அனுப்பினீங்களே சார், இதையும் இங்கிலீஷ்லயே எழுதுங்க. என் பேரு வரணும். உங்க பேரும் வரணும்."

சாமுவேல் எழுதினான். பஞ்சாட்சரம் அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். 'தவறு என்னுடையது' என்ற இடத்தை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு உறையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"தபால்ல நானே போட்டுக்கறேன்."